காவிரிப் படுகையின் நெல்: மேட்டூருக்கு முன்னும் பின்னும்

அரசலாற்றான் (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நெருங்கும்போது, "மரபுப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுமா" என்ற கேள்வியை நாளிதழ்கள் எழுப்புகின்றன. அந்த மரபுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925-ல் தொடங்கி, 1934 ஆகஸ்டில் அணை திறந்துவைக்கப்பட்டது. ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படுகையில் நெல் விளைந்து, அளக்கப்பட்டு, வரியாகவும் கோயில் நிவந்தமாகவும் ஊர் ஊராகக் கணக்கில் ஏறியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதற்குரிய காணிக்கடன் (நிலவரி) எத்தனை கலம் நெல் என்பதெல்லாம் பின்னத்தின் பின்னம் வரை பொறிக்கப்பட்டுள்ளன.

என் கருத்து இதுதான். இன்று "டெல்டா" என்றதும் நம் நினைவுக்கு வரும் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகம்), சம்பா (நீண்ட காலப் போகம்), தாளடி (குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகம்) என்னும் நெல் அட்டவணையும், ஜூனில் தொடங்கி ஜனவரி 28-ல் முடியும் நீர்த்திறப்பும், கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்லாகவே தெரியும் வயல்வெளியும் பெருமளவுக்கு 1934-க்குப் பிறகு உருவானவை. அவற்றைத் தொன்மையானவை என்று எண்ணிக்கொண்டு பேசுவதால், இப்படுகையின் பொருளாதாரம் எந்தெந்த முடிவுகளால் இந்த வடிவத்துக்கு வந்தது என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். நீர், நிலவுரிமை, விற்பனை ஆகியவை பற்றி அறிந்தவர்கள் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கர்நாடகத்தோடான வழக்கைப் பற்றி வேறு இழைகள் இருப்பதால், அதை இங்கே தேவைக்கு மேல் இழுக்க வேண்டாம்.

---

வெண்ணாற்றுக்கரை

நான் பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐயா குறிப்பிட்டதில் பெரும்பகுதி சரியே. ஆனால் மாற்றம் 1934-ல் தொடங்கவில்லை. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் நேரானது, தாழ்வானது, சரிவு மிகுந்தது. தெற்கே செல்லும் காவிரி மேட்டில் ஓடுவது. ஆற்றை அதன் போக்கில் விட்டால் நீர் கொள்ளிடத்தைத்தான் தேடிப்போகும். அதன் விளைவாகக் காவிரியின் படுகையில் மணல் ஏறிக்கொண்டே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக்கு வர வேண்டிய நீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தது. மணலும் தழையும் கொண்டு கொரம்பு போட்டு நீரைத் திருப்புவதே அக்காலத்துத் தீர்வு. அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல் போக்கிகளை அமைத்து, 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். கல்லணை நின்ற விதத்தைப் பார்த்துத்தான், மணற்படுகையின் மேல் ஆழமான அடித்தளம் இல்லாமலே அணை நிற்க முடியும் என்பதைத் தாம் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மேலணை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. அதனால் வேறொரு சிக்கல் முளைத்தது. காவிரியில் நீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து கரைகளை அரிக்கத் தொடங்கியது. கொள்ளிடமோ மேடாகத் தொடங்கியது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியின் உயரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தனித்தனியே ரெகுலேட்டர்கள் வந்தது 1880-களில். ஆகவே ஒவ்வொரு கட்டுமானமும் முந்தைய கட்டுமானத்தின் விளைவைச் சரிசெய்யவே கட்டப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபோது, அந்த 1836-ஆம் ஆண்டின் ஏற்பாட்டை நம்பித்தான் படுகை இன்னமும் வாழ்கிறது என்பது பலருக்கு முதன்முறையாகத் தெரியவந்தது.

இனி குறுவைக்கு வருகிறேன். மேட்டூருக்கு முன்பும் குறுவை இருந்தது. தென்மேற்குப் பருவமழையால் ஜூனிலோ ஜூலையிலோ வரும் புதுவெள்ளத்தை உடனே பிடித்துக்கொள்ளக்கூடிய தலைமடை (நீர் முதலில் வந்துசேரும்) ஊர்களில் அது பயிரிடப்பட்டது. வெள்ளம் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாததால், படுகையின் பெரும்பகுதி சம்பா ஒருபோகத்தையே நம்பியிருந்தது. 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கொள்ளளவுள்ள மேட்டூர் வந்த பிறகுதான், மழை பெய்யும் மாதத்தையும் நாற்று விடும் மாதத்தையும் பிரிக்க முடிந்தது. இருபோகம் கீழ்நோக்கிப் பரவியதற்கு அதுவே காரணம். அதே காலத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், அதுவரை ஏரிகளையும் மழையையும் நம்பியிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டுநிலங்களுக்கு நீர் கொண்டுபோனது. அதை இன்றும் "புது ஆறு" என்றுதான் அழைக்கிறார்கள்.

அணையால் இழந்ததும் ஒன்று உண்டு. வெள்ளத்தோடு வந்த வண்டலின் பெரும்பகுதி இப்போது மேட்டூரிலேயே தங்கிவிடுகிறது. வயலுக்கு ஆறு இலவசமாகப் போட்டுவந்த உரத்துக்குப் பதிலாக மூட்டையில் உரம் வாங்க வேண்டிய நிலை வந்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

---

தலைஞாயிறு உழவன்

வணக்கம். வெண்ணாற்றுக்கரை ஐயா எழுதியது தலைமடைக்குப் பொருந்தும். எங்கள் பக்கம், அதாவது தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் வட்டாரங்களில், ஜூன் 12 என்பது ஒரு செய்தி மட்டுமே.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அங்கிருந்து கிளை வாய்க்கால்களின் முறைக்காகக் காத்திருந்து எங்களுக்கு வந்து சேரும்போது குறுவைக்கு நாள் கடந்திருக்கும். எனவே எங்களுக்குச் சம்பா ஒருபோகம்தான். அதிலும் நாற்றுவிட்டு நடுவது குறைவு. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பதே வழக்கம். நிலத்தடி நீர் உவர் என்பதால் ஆழ்குழாய் போட்டுப் பயனில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்னதாக, ஈரம் இருக்கும்போதே நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். தை, மாசிப் பனியில் அது விளையும். செலவில்லாத அந்த உளுந்துதான் பல குடும்பங்களுக்குக் கையில் நிற்கும் பணம்; நெல்லில் வந்தது கடனுக்குப் போய்விடும்.

நீர் வருவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் நீர் வடிவதுதான் பெரிய கவலை. மேலே உள்ள ஊர்களின் வடிகால் நீர் அனைத்தும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழையும் கடல்மட்ட ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்தால் வயலில் பத்து நாள் நீர் நிற்கும். கடல்நீர் ஆற்றில் ஏறாமலிருக்கக் கட்டிய கடைமடை ரெகுலேட்டர்களே சில ஆண்டுகளில் வடிகாலுக்குத் தடையாகவும் ஆகிவிடுகின்றன. 2004-ல் ஆழிப்பேரலை, 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் என்று கடல் பக்கமிருந்து வந்தவை தனிக்கதை.

---

களத்துமேடு

நீரைப் பற்றிய பதிவுகள் நன்று. ஆனால் "படுகை வளம் பெற்றது" என்று எழுதும்போது அந்த வளம் யாருடைய களஞ்சியத்துக்குப் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சையில் நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊரின் நிலத்திலும் விளைச்சலிலும் பங்குரிமை பெற்றிருந்த மிராசுதார்கள் பெரும்பாலும் பிராமணரும் வேளாளரும். பிற்காலத்தில் கள்ளர், நாயுடு, மூப்பனார் முதலிய பிற சாதியாரிலும் பெருநிலக்காரர்கள் எழுந்தனர். அவர்களோடு மடங்களையும் கோயில்களையும் சேர்க்க வேண்டும். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் ஆகிய மடங்களின் நிலங்கள் படுகை முழுவதும் பரவிக் கிடந்தன. நேரில் உழுதவர்களில் ஒரு பகுதியினர் வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) குத்தகைக்கோ எடுத்தவர்கள். மற்றொரு பகுதியினர் பண்ணையாட்கள். பெரும்பாலும் பள்ளர், பறையர். அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த பிறகும், குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது என்பதால் பண்ணையாள் அந்த ஊரைவிட்டு நகர முடியவில்லை. கூலி நெல்லாகக் களத்தில் அளக்கப்பட்டது. கடனும் நெல்லாகவே ஏறியது.

1943-ல் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, மணலி கந்தசாமி போன்றவர்களோடு சேர்ந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டியபோது எழுந்த முதல் கோரிக்கைகளில் நிலம் இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் (தண்டனையாகச் சாணிக் கரைசலைக் குடிக்க வைப்பது) ஒழிய வேண்டும், மரக்கால் சரியாக அளக்கப்பட வேண்டும் என்பவையே முன்னால் நின்றன. 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த பெரிய திருப்பம் 1952. இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், ஒரு கிராமத்தில் 6⅔ ஏக்கருக்கு மேல், ஏறத்தாழ ஒரு வேலிக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பொருந்தியது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உண்டு என்றது. பண்ணையாளுக்குக் கூலியை உயர்த்தி, நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது.

இங்கேதான் பொருளாதார வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. பண்ணையாளாக வைத்திருந்தால்தானே சட்டம் பொருந்தும் என்று கணக்கிட்ட பல மிராசுதார்கள், பண்ணையாட்களை நாள்கூலிகளாக மாற்றிக்கொண்டார்கள். பத்து, பதினைந்து ஆண்டுகளில் பண்ணையாள் முறை ஏறக்குறைய மறைந்தது. கட்டு அறுந்ததில் விடுதலை உண்டு. அதே நேரத்தில் வேலையில்லாத மாதங்களில் கிடைத்துவந்த நெல்லும் நின்றுபோனது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய காலக் குறுவை ரகங்கள் வந்து விளைச்சல் கூடியபோது, கூடுதல் விளைச்சலில் கூலிக்காரருக்கு என்ன பங்கு என்ற கேள்வி கூர்மையடைந்தது. கூலியில் அரைப்படி நெல் உயர்த்திக் கேட்டதும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் சேர்ந்துதான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட கொடுமைக்கு முன்னுரையாக அமைந்தன. குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இடையில், 1969-ல் நியாயக்கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. என்னைக் கேட்டால், உச்சவரம்புச் சட்டத்தைவிட இந்த மனைச் சட்டமே கூலிக்காரரின் பேரம் பேசும் வலிமையை மாற்றியது. வீட்டைவிட்டுத் துரத்த முடியாதவரிடம் கூலி பேசித்தானே ஆக வேண்டும்.

---

அரசலாற்றான்

களத்துமேடு அவர்களின் பதிவை மதிக்கிறேன். வெண்மணியைப் பற்றி மாற்றுக் கருத்துக்கு இடமேயில்லை. ஆனால் மிராசுதார் என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்நூறு வேலிக்காரரையும் அரை வேலிக்காரரையும் அடைத்துவிடக் கூடாது. எங்கள் குடும்பமும் அந்தச் சிறிய வகையைச் சேர்ந்ததுதான். 1930-களின் தொடக்கத்தில் நெல் விலை சரிந்தபோது, கிஸ்தி (நிலவரி) மட்டும் குறையாததால் கடன்பட்டு நிலத்தை இழந்தவர்களில் சிறிய மிராசுதார்கள் ஏராளம். படித்து நகரத்துக்குப் போனவர்கள், 1955-ஆம் ஆண்டின் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலத்தை மேற்பார்க்கவும் முடியாமல் குத்தகையும் சரியாக வராமல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் அதே ஊரின் நடுத்தர உழவர்களும், முன்னாள் குத்தகைதாரர்களும், கடல்கடந்து பொருளீட்டிய குடும்பங்களும். அக்கிரகாரங்கள் காலியானதற்கும் வயல்களில் நேரடிச் சாகுபடி பெருகியதற்கும் இந்தக் கைமாற்றம் முக்கியக் காரணம்.

---

களத்துமேடு

கைமாறியது உண்மை. கைமாறிய நிலத்தில் பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு வந்தது என்று, ஊரின் சாகுபடிப் பதிவேடான அடங்கலைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

---

நாகூர்த் துறை

வணிகப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

படுகையின் நெல் உள்ளூரில் தின்பதற்காக மட்டும் விளைந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் கூலிகளுக்குப் படியளக்கத் தஞ்சை அரிசி கடல்வழியே போனது. மலையாள நாட்டுக்கும் போனது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய இரயில்பாதை 1861-ல் தஞ்சாவூரை எட்டியது. தென்னிந்தியாவின் முதல் பெரிய இரயில் நிறுவனங்களுள் ஒன்று தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்தில் வைத்திருந்ததே இந்தச் சரக்கை எண்ணித்தான். பின்னர் இரங்கூன் அரிசி மலிவாக வந்து குவிந்தபோது தஞ்சை அரிசியின் வெளிச்சந்தை சுருங்கியது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அந்த வரத்து நின்றதும், அதுவரை விலை கிடைக்காமல் கிடந்த தஞ்சை நெல் ஒரே ஆண்டில் அரசாங்கமே தேடிவந்து கட்டுப்பாட்டு விலையில் எடுத்துக்கொள்ளும் பண்டமாகிவிட்டது. கொள்முதல், லெவி (கட்டாயமாக நெல் எடுத்தல்), ரேஷன் ஆகிய மூன்றின் வேரும் அந்தப் போர்க்காலத்தில்தான் இருக்கிறது.

அரிசி போன அதே துறையிலிருந்து ஆட்களும் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களில், 1910-ல் ஒப்பந்த முறை நிற்கும் வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிகள் (ஆள் சேர்ப்பவர்கள்) வழியாகவும் தஞ்சைப் பண்ணையாட்கள் மலாயாத் தோட்டங்களுக்குப் போனார்கள். பண்ணையிலிருந்து தப்புவதற்கு இருந்த ஒரே வழி அது என்பதைக் களத்துமேடு அவர்களின் பதிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வணிகர்களான மரைக்காயர்களும் இராவுத்தர்களும் அதே கப்பல்களில் போய்க் கடை வைத்தார்கள். கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, இராஜகிரி, முத்துப்பேட்டை ஊர்களின் மாடிவீடுகள் நெல்லில் எழுந்தவையல்ல. ரஜுலா கப்பலைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விடிய விடியப் பேசுவார்கள். 1985-ல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. அதன் பிறகு வளைகுடா, விமானம் திருச்சியிலிருந்து.

---

மட்டுறுத்துநர்

கப்பல் பயணங்களைப் பற்றிய நினைவுகளைத் தனி இழையில் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே படுகையின் வேளாண் பொருளாதாரத்தைப் பற்றிய பதிவுகள் மட்டும்.

---

நடவாள் மகள்

இந்த இழையில் நெல்லை நட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை என்பதால் எழுதுகிறேன். நாற்றுப் பறிப்பதும் கட்டுவதும் ஆண்கள் பக்கம் இருந்தாலும், நடவும் களையெடுப்பும் முழுக்கப் பெண்களின் வேலை. ஊருக்கு ஒரு கொத்துக்காரர் தலைமையில் குழுவாகப் போவார்கள். மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் முதலில் குறைவது இவர்களின் வேலைநாள். அதற்கு எந்தக் கணக்கிலும் இழப்பீடு கிடையாது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுப்புக் கூலியாகக் கிடைத்த நெல் போயிற்று. நேரடி விதைப்பு பெருகியதும் நடவு நாட்களும் குறைந்தன. நாகை மாவட்டம் 2006-ல் நூறுநாள் வேலைத்திட்டத்தின் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அதனால் உழவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் குறைசொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வருடத்தில் பாதி நாள் வேலையே இல்லாத ஊரில் அந்தக் குறையை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் தெருவிலிருந்து திருப்பூருக்குப் போகாத வீடு இல்லை.

---

தலைஞாயிறு உழவன்

அம்மா சொல்வது சரி. எங்கள் பக்கம் நேரடி விதைப்பு முன்பிருந்தே உண்டு என்றாலும், களையெடுப்பு இருந்தது. இப்போது அதற்கும் களைக்கொல்லி வந்துவிட்டது.

---

வெண்ணாற்றுக்கரை

கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்லாகவே தெரியும் என்று தொடக்கப் பதிவில் இருந்தது. அதைச் சற்றுத் திருத்திப் பார்க்க வேண்டும். காவிரிக் கரையோர மணற்பாங்கான படுகை நிலங்களில் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழையும், அய்யம்பேட்டை, இராஜகிரி, ஆவூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் நீண்ட காலமாக இருந்துவருகின்றன. கும்பகோணம் வெற்றிலை என்று சந்தையில் பெயர் பெற்றது அதுதான். நாச்சியார்கோவிலில் விளக்கு வார்ப்பதற்கு அச்சு செய்யும் வண்டல் மண்ணும் காவிரி தந்ததே. புது ஆற்றுப் பாசனப் பகுதியின் செம்மண் நிலத்தில் தென்னை பெருகியது. கஜாவில் சாய்ந்தது பெரும்பாலும் அந்தத் தென்னைதான். கோடையில் திருவாரூர்ப் பக்கம் பருத்தியும் உண்டு.

ஆனால் உள்படுகையின் களிமண் நிலம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே நீர் நின்றே தீரும். நின்ற நீரில் பிழைக்கும் உணவுப் பயிர் நெல் ஒன்றே. எனவே "மாற்றுப் பயிர் செய்யுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் முதலில் வடிகாலுக்கு வழி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊராரே கூடி வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து இருந்தது. அதை 1858-ல் ஆங்கிலேயர் கட்டாயச் சட்டமாகவே ஆக்கிவைத்தார்கள். மிராசு முறை தளர்ந்ததும் ஆள் திரட்டும் அதிகாரமும் போய்விட்டது. இன்று ஆண்டுதோறும் நீர்த்திறப்புக்கு முன் ஒப்பந்ததாரர்கள் இயந்திரம் வைத்து ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் தூர்வாருகிறார்கள்; வயலை ஒட்டிய கண்ணிகளும் (சிறு வாய்க்கால்கள்) வடிகால்களும் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. அவற்றுக்கு அரசு ஆவணத்தில் அகலமே இல்லாத ஊர்கள் உண்டு.

---

அரசலாற்றான்

நெல்லில் தங்கிவிட்டதற்கு மண் ஒரு காரணம் என்றால், நேரடிக் கொள்முதல் நிலையம் மற்றொரு காரணம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, விளைந்த ஊருக்கு அருகிலேயே நெல்லை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உளுந்துக்கோ வாழைக்கோ இந்த அளவில் கிடையாது. விலை நிச்சயமாகத் தெரிந்த பயிரை விட்டுவிட்டு, தெரியாத பயிருக்குப் போகச் சொன்னால் கடன்பட்ட உழவர் எப்படிப் போவார்?

குறைகள் இல்லாமல் இல்லை. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் மத்திய அரசின் அனுமதியோடு 19, 20 விழுக்காடு வரை தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அனுமதி வரும்வரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கிறது. எடுத்த நெல்லும் 40 கிலோ சிப்பங்களாகத் திறந்தவெளியில் அடுக்கப்பட்டு, அரவைக்குப் போக லாரிக்காகக் காத்திருக்கிறது. ஜூன் 12 என்ற நாளின் உண்மையான பொருளாதாரப் பொருள் இதுதான்: அன்று திறந்தால் மழைக்கு முன் குறுவையை அறுத்துவிட வாய்ப்பு கூடுகிறது, ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனால், அறுவடையும் மழையும் ஒரே வாரத்தில் மோதுகின்றன.

---

களத்துமேடு

கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று வேண்டும். இங்கே என் முந்தைய பதிவின் தொடர்ச்சியைக் கொண்டுவருகிறேன்.

1955, 1956-ஆம் ஆண்டுச் சட்டங்கள் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுத்தன. நன்செய்க்கு நியாயக் குத்தகை விளைச்சலில் 40 விழுக்காடு என்றன. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவுசெய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பதிவுசெய்துகொண்ட பழைய குத்தகைதாரர்களுக்கு, முக்கியமாகக் கோயில் நிலத்தில் இருந்தவர்களுக்கு, இது பெரும் பாதுகாப்பு. ஆனால் அதன் பிறகு எந்த நிலக்காரரும் புதிதாக எழுத்தில் குத்தகைக்கு விடத் துணியவில்லை. இன்று படுகையில் குத்தகைச் சாகுபடி நிறையவே இருக்கிறது. ஏறக்குறைய எல்லாம் வாய்ப்பேச்சில். நகரத்தில் வாழும் உரிமையாளர் ஒரு போகத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசி விட்டுவிடுகிறார். பயிரிடுகிறவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

இதன் விளைவை 2016–17 வறட்சியில் தெளிவாகக் காண முடிந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, சம்பா கருகி, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. நிவாரணமும் பயிர்க் காப்பீடும், சிட்டாவும் (நில உரிமைப் பதிவு) அடங்கலும் யார் பெயரில் இருந்ததோ அவரை நோக்கிப் போயின. நிலக்காரர் நல்லவராக இருந்தால் பகிர்ந்துகொடுத்தார். ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நில உரிமையாளருக்கே. சாகுபடி செய்தவரைக் காக்கவென்று எழுதிய சட்டம், அடுத்த தலைமுறைச் சாகுபடிதாரரைக் கணக்கிலிருந்தே மறைத்துவிட்டது. இதைச் சொன்னால் எங்கள் சங்கத்துத் தோழர்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. நிலக்காரர்களுக்கோ பதிவு என்ற பேச்சே பிடிப்பதில்லை.

---

தலைஞாயிறு உழவன்

நான் பயிரிடும் நிலத்தில் பாதி அப்படிப்பட்டதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என் பெயரில் உள்ள நிலத்துக்கு மட்டும் கிடைக்கும். மீதிக்கு நகைக்கடன், உரக்கடைக் கடன். உரக்கடைக்காரரே நெல்லையும் எடுத்துக்கொள்வார் என்பதால், அந்த நெல் அரசு விலையைப் பார்ப்பதே இல்லை.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-ல் வந்தபோது எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். மீத்தேனும் ஹைட்ரோகார்பனும் புதிதாக வராது என்பதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 1980-களிலிருந்து நரிமணம் பகுதியில் இயங்கும் எண்ணெய்க் கிணறுகள் அப்படியே இருக்கின்றன. நிலத்தை வேறு தொழிலுக்கு மாற்றக்கூடாது என்று சொல்லும் சட்டம், அந்த நிலத்தில் பயிரிடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

---

வெண்ணாற்றுக்கரை

கடைசியாக, நீர்த்திறப்பு நாளைப் பற்றி ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன். 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் திறக்க இயலவில்லை. 2020, 2021-ல் அந்நாளில் திறந்தார்கள். 2022-ல் கோடை மழையால் அணை நிரம்பியிருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் மறுபடி ஜூன் 12. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025-ல் மீண்டும் ஜூன் 12. இவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு நடுவிலும் குறுவை ஓராண்டுகூட முற்றிலும் நின்றுவிடவில்லை. ஏனென்றால் கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை வட்டாரங்களில் நிலத்தடி நீர் நன்னீராக இருக்கிறது. ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) போட்ட மோட்டார்கள் இலவச மின்சாரத்தில் ஆற்றை எதிர்பாராமலே குறுவையைத் தொடங்கிவிடுகின்றன. அரசலாற்றான் ஐயா தொடக்கப் பதிவில் 1934-ஐ எல்லைக்கோடாகப் போட்டார். நான் அதோடு 1970-களுக்குப் பிந்தைய மோட்டாரையும் இரண்டாம் கோடாகச் சேர்ப்பேன். நன்னீர் உள்ள தலைமடைக்காரருக்கு இரண்டு வழி உண்டு. தலைஞாயிற்றில் உவர்நீர் என்பதால் ஆறு ஒன்றுதான் வழி. அந்த ஆற்றிலும் அவர்கள் வரிசையில் கடைசி. நீர் முறைவைப்பில் கடைமடைக்கு முதலில் விடுவது என்ற பழைய நடைமுறை சில வாய்க்கால்களில் இருந்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். மோட்டார் உள்ள பகுதிகளுக்கு ஜூன் மாத நீரைக் குறைத்து, அதைக் கோரையாறு, பாமணியாறு, அடப்பாறு வழியாகக் கீழே அனுப்புவதைத் துறை ஒருமுறையேனும் முறையாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தலைமடைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள் என்பது தெரியும்.

---

அரசலாற்றான்

நான் தலைமடைக்காரன். எங்கள் ஊரில் மோட்டார் இல்லாத சிறு உழவர்களும் இருக்கிறார்கள். ஜூன் நீரைக் குறைத்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான், மோட்டார் வைத்திருப்பவர் அல்ல. வாய்க்கால்வாரியாக யாருக்கு மோட்டார் உண்டு, யாருக்கு இல்லை என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீர்முறையைப் பேசுவதாக இருந்தால், நான் எதிர்க்க மாட்டேன்.